முதல் கிலோமீட்டரின் கந்துவட்டி: ஹைராக்ஸ் நேரத்தாளைப் படிப்பது எப்படி

ஹைராக்ஸ் பந்தயத்தை முடித்தவர்கள் முதலில் பார்ப்பது மொத்த நேரத்தை. அடுத்தபடி கண் போவது எந்த உடற்பயிற்சி நிலையத்தில் அதிக நேரம் ஆனது என்ற இடத்துக்கு. "வால் பால்லதான் போச்சு, இனிமே தினமும் நூறு போடணும்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். குந்தி எழுந்து கனமான பந்தைச் சுவரில் எறியும் அந்த வால் பாலை மூன்று மாதம் தோள் வலிக்கப் போட்டுவிட்டு அடுத்த பந்தயத்துக்குப் போனால், அதே சுவருக்கு முன்னால் அதே மாதிரி முழங்காலில் கைவைத்து நிற்பார்கள். நேரம் எங்கே வசூலிக்கப்பட்டது என்பதைத்தான் அந்தத் தாள் காட்டுகிறது. கடன் எங்கே வாங்கியது என்பதை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பந்தயம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹாம்பர்க் நகரில் கிறிஸ்டியான் டோட்ஸ்கே, மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே இருவரும் சேர்ந்து தொடங்கியது இது. ஃபூர்ஸ்டே 2008, 2012 ஒலிம்பிக்குகளில் ஜெர்மனி ஹாக்கி அணியோடு தங்கம் வென்றவர். முதல் பந்தயம் 2018இல் அங்கேயே நடந்தது. இந்தியாவுக்கு 2025 மே மாதம் மும்பை வழியாக வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு வேலை செய்ய வேண்டும்; இப்படி எட்டு முறை. வேலை செய்யும் இடம்தான் நிலையம். வேலைகளின் வரிசை மாறாது: பனிச்சறுக்கு ஓட்டுவதுபோல் கயிறுகளை இழுக்கும் இயந்திரமான ஸ்கீ எர்க் 1000 மீட்டர், எடை ஏற்றிய சறுக்குச் சட்டமான ஸ்லெட்டைத் தள்ளுதல் 50 மீட்டர், ஸ்லெட் இழுத்தல் 50 மீட்டர், தரையில் விழுந்து எழுந்து முன்னால் தாவும் பர்ப்பி பிராட் ஜம்ப் 80 மீட்டர், துடுப்பு வலிப்பதுபோன்ற இயந்திரத்தில் ரோயிங் 1000 மீட்டர், இரு கைகளிலும் எடையைத் தூக்கி நடக்கும் ஃபார்மர்ஸ் கேரி 200 மீட்டர், தோளில் மணல் மூட்டையோடு அடிக்கு அடி முழங்காலை மடக்கித் தாழ்ந்து நடக்கும் லஞ்ச் 100 மீட்டர், கடைசியாக 100 வால் பால். ஆண்கள் ஓப்பன் பிரிவில் தள்ளும் ஸ்லெட் 152 கிலோ, இழுப்பது 103 கிலோ, மணல் மூட்டை 20 கிலோ, பந்து 6 கிலோ. பெண்கள் ஓப்பனில் அதே வரிசையில் 102, 78, 10, 4.

எல்லா ஊரிலும் இதே வரிசை, இதே எடை என்பதால்தான் இதை அலசிப் பார்க்க முடிகிறது. சாதாரண ஓட்டப் பந்தயத்தில் ஒரு ஊரில் மேடு, இன்னொரு ஊரில் கடற்காற்று என்று சாக்குச் சொல்ல இடமுண்டு. இங்கே நடப்பது பெரும்பாலும் கண்காட்சி அரங்குகளுக்குள். கணுக்காலில் கட்டிய சிப் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியாகக் குறித்துவிடுகிறது. ஓட்டத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே கடந்துபோகும் பகுதிக்கு ராக்ஸ்ஜோன் என்று பெயர். அங்கே செலவான நேரம் மொத்தமாக ஒரு வரியில் வரும். ஆக எட்டு ஓட்டம், எட்டு நிலையம், ஒரு ராக்ஸ்ஜோன். பதினேழு எண்கள்.

ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் உருவாக்கியது. ஆனால் இந்த மாதிரித் தாள் எந்தப் பந்தயத்திலும் கிடைக்கும். ஆண்கள் ஓப்பன், மொத்தம் 1 மணி 42 நிமிடம். ஓட்டங்கள் வரிசையாக 5:05, 5:50, 6:35, 6:40, 6:55, 6:30, 6:35, 7:20. நிலையங்கள்: ஸ்கீ 4:20, தள்ளுதல் 3:10, இழுத்தல் 5:40, பர்ப்பி 6:30, ரோயிங் 5:00, ஃபார்மர்ஸ் கேரி 2:25, லஞ்ச் 6:10, வால் பால் 8:45. ராக்ஸ்ஜோன் 8:30.

பார்த்தவுடனே வால் பாலின் 8:45 உறுத்தும். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

முதலில் தாளுக்கு வெளியே இருக்கும் ஓர் எண் வேண்டும்: களைப்பில்லாத நாளில் இவர் எப்படி ஓடுவார்? 5 கிலோமீட்டரை 26 நிமிடத்தில் ஓடுபவர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 5:12. பத்து கிலோமீட்டர் 55 நிமிடம். அரை மராத்தான் 2 மணி 2 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 5:47 சுமார். இப்போது முதல் ஓட்டத்தைப் பாருங்கள். 5:05. நூறு நிமிடத்துக்கு மேல் நீளப்போகும் பந்தயத்தை, தன் 5 கிலோமீட்டர் பந்தய வேகத்தையும் மிஞ்சித் தொடங்கியிருக்கிறார். பாட்டு அதிருகிறது, விளக்கு சுழல்கிறது, பக்கத்தில் நிற்பவன் குதிக்கிறான்; கால் தானாகப் பறக்கும். அந்த நேரத்தில் 5:05 சிரமமாகவே தெரியாது என்பதுதான் இதிலுள்ள சதி.

தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. 1965இல் பிரான்ஸைச் சேர்ந்த மோனோ, ஷெரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தசையின் உழைப்பை அளந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே நெடுநேரம் உழைக்கலாம். எல்லையைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு ஒரு சிறு கையிருப்பிலிருந்து செலவாகும். கையிருப்பு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது தீரும்போது கால் நிற்கும். எல்லைக்குக் கீழே இறங்கி வந்தால்தான் மறுபடி நிரம்பும், அதுவும் மெதுவாக. சாதாரண ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர் வேகமாகப் போய்விட்டால் அடுத்ததில் தளர்த்திச் சமாளித்துக்கொள்ளலாம். ஹைராக்ஸில் அடுத்து காத்திருப்பது ஸ்கீ, அதற்கு அடுத்து ஸ்லெட். நிரப்ப இடமே கிடையாது. அதனால்தான் முதல் கிலோமீட்டரில் வாங்கும் வினாடிகளை நான் கந்துவட்டிக் கடன் என்கிறேன்.

அடுத்தது ஸ்கீ, 4:20. நல்ல நேரம் என்று பலரும் பாராட்டுவார்கள். நான் பாராட்ட மாட்டேன். இந்த இயந்திரத்துக்குள் இருப்பது காற்றைக் கிழிக்கும் ஒரு சக்கரம். வேகம் கூடக் கூட அதற்கான உழைப்பு நேர்க்கோட்டில் ஏறாது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு உழைப்பு வேண்டும். இயந்திரத்தைச் செய்யும் கான்செப்ட் 2 நிறுவனமே இதற்கான வாய்ப்பாட்டைச் சொல்லியிருக்கிறது: ஒரு மீட்டருக்கு ஆகும் வினாடியை அதனாலேயே இரண்டு முறை பெருக்கி, 2.80ஐ அதால் வகுத்தால் வாட் கணக்கு வரும். 1000 மீட்டர் 4:20இல் என்றால் சுமார் 159 வாட். அதையே 4:35இல் முடித்தால் 135 வாட் போதும். 15 வினாடியை மிச்சம் பிடிக்க 18 சதவீதம் கூடுதல் உழைப்பு. அதே 15 வினாடியை 5:50 வேக ஓட்டத்தில் மிச்சம் பிடிக்க வேகத்தை நாலரை சதவீதம் கூட்டினால் போதும். ஓட்டத்தில் உழைப்பும் ஏறத்தாழ அதே அளவில்தான் கூடும். தாளில் எல்லா வினாடியும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தாலும் விலை ஒன்றல்ல. இயந்திரத்தில் வாங்கும் வினாடிதான் கடையிலேயே விலை உயர்ந்தது.

இதைத் திருப்பிப் போட்டால் லாபம். இயந்திரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நேரம் சிறிதளவே போகும், மிஞ்சுவதோ நிறைய.

அவர் அதிகம் செலவழித்தார் என்பதற்குச் சாட்சி எங்கே என்று கேட்கலாம். தாளிலேயே இருக்கிறது. ரோயிங்கும் அதே 1000 மீட்டர், அதே நிறுவனத்தின் இயந்திரம், அதே வாய்ப்பாடு. ரோயிங்கில் காலின் பலமும் சேர்வதால் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கீயைவிட வேகமாகவே வரும். இவருக்கு 5:00, அதாவது 104 வாட்தான். சுமார் முக்கால் மணி நேரத்தில் 159 வாட்டிலிருந்து 104க்கு இறங்கிய உடம்பு அது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான். ரோயிங் ஸ்கீக்குச் சமமாகவோ அதைவிட வேகமாகவோ இருந்தால் முன்பாதி ஒழுங்காக ஓடியவர். முப்பது, நாற்பது வினாடி பின்தங்கியிருந்தால் வேறு எதையும் பார்க்கும் முன்பே சொல்லிவிடலாம், ஆரம்பத்தில் எரித்துவிட்டார்.

ஸ்லெட்டை இப்படி வாட் கணக்கில் பிடிக்க முடியாது. அது கார்ப்பெட் விரிப்பின் மேல் நகர்கிறது; விரிப்பின் உராய்வு மாறினால் அதே 152 கிலோ வேறு எடையாகத் தோன்றும். ஆகவே ஓர் ஊரின் ஸ்லெட் நேரத்தை இன்னோர் ஊரின் நேரத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுவதோ அழுவதோ வீண். அன்றைக்கு, அதே அரங்கில், தன்னைப் போலவே மொத்த நேரத்தில் முடித்த இருபது பேரின் ஸ்லெட் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, அரை மணி நேர வேலை. அவர்களைவிட 20 வினாடி வேகமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஓட்டத்தில் 30 வினாடி தோற்றிருந்தால், அந்தத் தள்ளல் நஷ்ட வியாபாரம். ஸ்லெட்டையும் அதன் பின்னால் வரும் ஓட்டத்தையும் எப்போதும் ஒரே பொருளாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இந்தக் கூட்டல் எல்லா நிலையத்துக்கும் பொருந்தும். நம் தாளில் ஐந்தாவது ஓட்டம் 6:55, ஆறாவது 6:30. களைப்பு ஏறிக்கொண்டே போகும் பந்தயத்தில் பின்னால் வரும் ஓட்டம் எப்படி 25 வினாடி வேகமாகும்? ஐந்தாவதுக்கு முன்னால் இருந்தது பர்ப்பி பிராட் ஜம்ப். 80 மீட்டரைத் தரையில் விழுந்து எழுந்து தாவித் தாவிக் கடந்தவருக்கு இதயத் துடிப்பு உச்சத்தில் இருக்கும். ஓட்டத்தின் முதல் 300, 400 மீட்டரை மூச்சைத் திரும்பப் பிடிக்கவே செலவழிப்பார். ஆறாவதுக்கு முன்னால் இருந்தது ரோயிங், உட்கார்ந்து செய்யும் வேலை. பாதத்தில் அடி விழாது. அப்படியானால் இவருக்குப் பர்ப்பி ஒரு தனிப் பிரச்சினை. ஏழாவது 6:35, எட்டாவது 7:20: 20 கிலோ மூட்டையைச் சுமந்து 100 மீட்டர் லஞ்ச் போட்ட தொடை ஓட மறுக்கிறது. இது நுரையீரலின் களைப்பு அல்ல, தசையின் களைப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு.

ராக்ஸ்ஜோனை யாரும் மதிப்பதில்லை. 8:30 என்பது இவர் முழு நாலு வேலை செய்த நேரத்துக்கு நிகரான பகுதி அல்ல என்றாலும், ரோயிங்கையும் ஸ்லெட் தள்ளுதலையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அதற்குள் சில நூறு மீட்டர் தூரம் இருக்கிறது, அதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் தண்ணீர் மேசையில் நிற்பது, எந்த வாசலில் நுழைவது என்று முழிப்பது, இடுப்பில் கைவைத்து நடப்பது எல்லாம் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். முந்தின நாளே அரங்கின் வரைபடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் முழிப்பது போகும். நடையை மெல்லோட்டமாக மாற்றினால் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கலாம். உடம்பைப் பலப்படுத்தாமலே கிடைக்கும் நேரம் இது.

சரி, இப்போது வால் பால். 100 பந்துக்கு 8:45. நிற்காமல் போட்டால் ஒரு பந்துக்கு இரண்டு முதல் இரண்டரை வினாடி ஆகும். இரண்டரை என்றே வைத்தாலும் 250 வினாடி, 4:10. மீதி 4:35 முழுக்க நின்ற நேரம். போதிய அளவு கீழே உட்காராததாலும் 3 மீட்டர் இலக்கைத் தொடாததாலும் கணக்கில் சேராத பந்துகளும் அதில் அடக்கம். ஆக இவருக்குப் பந்து வீசும் பலம் குறை என்று சொல்ல இந்த எண்ணில் ஆதாரமில்லை. நிற்கும் முறைதான் குறை. வீம்புக்கு முதலில் 30 போட்டிருப்பார், அப்புறம் 15, அப்புறம் ஐந்தைந்தாக, ஒவ்வொரு இடைவெளியும் நீண்டுகொண்டே. முதலிலிருந்தே பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு பத்துக்கும் நடுவே 15 வினாடி நின்றால் ஒன்பது இடைவெளிக்கு 135 வினாடி. மொத்தம் 6:25. நின்ற எண்ணிக்கை ஒருவேளை கூடியிருக்கும், நின்ற நேரம் பாதியாகிவிட்டது. தினமும் நூறு வால் பால் போடத் துடித்தவருக்குத் தேவைப்பட்டது எண்ணிக் கொண்டு நிற்கும் பழக்கம். அதோடு, எட்டாவது ஓட்டத்தில் செத்துப் பிழைத்து வராமல் இருப்பது.

பயிற்சியை மாற்றும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. ஓட்டங்கள் சரிந்தது ஓடும் திறன் போதாததாலா, நிலையங்கள் காலைக் காலி செய்ததாலா? தாள் மட்டும் இதைச் சொல்லாது. பந்தயம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, உடம்பு தெளிந்தபின், நிலையம் எதுவுமில்லாமல் எட்டு முறை 1 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள். நடுவே 90 வினாடி நடை. நம் ஆள் எட்டையும் 5:50க்குள் அலட்டாமல் முடித்தால் ஓட்டத்தில் கோளாறில்லை; கால் பலமும், களைத்த காலோடு ஓடும் பழக்கமும்தான் தேவை. ஐந்தாவதிலேயே 6:15க்குச் சரிந்தால் ஸ்லெட்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் ஓடப் போக வேண்டும். இந்தத் தாளில் ஓட்டம் மட்டும் 51:30, மொத்தத்தில் பாதி. ஜிம்மிலிருந்து இந்தப் பந்தயத்துக்கு வருபவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் கணக்கு இது. பளு தூக்குபவர்களுக்கான விளையாட்டு மாதிரித் தோற்றம், உள்ளே இருப்பது ஓட்டப் பந்தயம்.

ஓட்டம்தான் குறை என்றால் பெரும்பகுதி மெதுவான ஓட்டமாக, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லைக்கோட்டை ஒட்டிய வேகத்தில், எட்டு நிமிடம் வீதம் மூன்று முறை. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கடிகாரத்தின் வேகத்தைத் துரத்துவது புத்திசாலித்தனமல்ல. மூச்சை வைத்து அளந்துகொள்வதே சரி. கால்தான் குறை என்றால் மருந்து வேறு: 40 மீட்டர் மூட்டை லஞ்ச், உடனே 800 மீட்டர் ஓட்டம், நாலு சுற்று. ஓட்டம் பந்தய வேகத்தில் இருக்க வேண்டும், அதைவிட வேகமாக வேண்டாம். இங்கே கற்றுக்கொள்வது, தொடை எரியும்போதும் நடைநீளத்தைக் குறைத்துக் காலடியை வேகப்படுத்தி ஓடுவது. பர்ப்பியையும் இதேபோல் ஓட்டத்தோடு கோக்கலாம். அதில் தாவலின் நீளத்தைவிட மூச்சின் தாளம் முக்கியம். ஸ்லெட் நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் இல்லை. கனமான தட்டுகளைத் துணி விரித்துத் தரையில் தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன், கியரைத் தளர்த்திவிட்டுக் காரைத் தள்ளுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தவறில்லை.

அடுத்த பந்தயத்துக்கு ஒரு காகிதத் திட்டம் போடுவோம். முதல் ஓட்டம் 5:45, இரண்டாவது 5:55, ஸ்கீ 4:35. பழைய தாளைவிட முறையே 40, 5, 15 வினாடி மெதுவாக. சரியாக ஒரு நிமிடம் விட்டுக்கொடுக்கிறோம். மூன்று முதல் எட்டு வரையான ஓட்டங்கள் 6:15, 6:15, 6:25, 6:15, 6:15, 6:50. பழைய தாளில் இந்த ஆறும் 40:35, இங்கே 38:15. இரண்டு நிமிடம் இருபது வினாடி திரும்ப வருகிறது. வால் பால் 6:45 என்று தாராளமாக வைத்தாலும் இன்னும் இரண்டு நிமிடம். ராக்ஸ்ஜோனில் ஒரு நிமிடம். விட்ட ஒரு நிமிடம் போக நாலு நிமிடத்துக்கு மேல் மிச்சம், உடம்பின் திறன் ஒரு துளிகூடக் கூடாமலே. காகிதத்தில் எல்லாம் அழகாக வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 5:05இல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு தாள் கையில் இருக்கிறது.

எண்களை நம்புவதிலும் ஒரு அளவு வேண்டும். அரங்குக்குள் ஜிபிஎஸ் தடுமாறும், கடிகாரம் காட்டும் தூரத்தை வைத்து வேகம் கணக்கிடக் கூடாது. அரங்குக்கு அரங்கு சுற்றின் நீளமும் கொஞ்சம் முன்பின் இருக்கும், எனவே முதல் ஓட்டத்தையும் எட்டாவதையும் தள்ளிவைத்து இரண்டாவதையும் ஏழாவதையும் ஒப்பிடுவது பாதுகாப்பு. இந்தத் தாளில் அது 5:50இலிருந்து 6:35, கிட்டத்தட்ட 13 சதவீதச் சரிவு. அடுத்த முறை இதைப் பாதியாக்கினால் போதும். மணிக்கட்டில் துடிப்பை அளக்கும் கடிகாரம், ஸ்கீயின் பிடியையும் ஃபார்மர்ஸ் கேரியின் பிடியையும் இறுக்கிப் பிடிக்கும்போது உளறும். துடிப்பு வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான். இவற்றையெல்லாம்விட நம்பகமானது பந்தயம் முடிந்த அன்றிரவே எழுதிவைக்கும் நாலு வரி: முதன்முதலில் நடக்கலாமா என்று தோன்றியது எந்தச் சுற்றில், ஸ்லெட்டை எத்தனை முறை நிறுத்தினேன், வால் பாலை எப்படிப் பிரித்தேன். இரண்டு நாள் கழித்து எழுதினால் ஞாபகம் நமக்குச் சாதகமாகக் கதை கட்டிவிடும்.

முதல் கிலோமீட்டரில் 5:45ஐப் பிடித்து நிற்பது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இருபது, முப்பது பேராகக் கூட்டம் கூட்டமாகத் தொடங்கி வைக்கிறார்கள் அல்லவா, அதில் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். முன்னால் இருப்பவர்கள் பறந்து போகட்டும். மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு ஓட முடிகிற வேகத்தில் முதல் சுற்றைச் சுற்றுங்கள். அவர்களில் பலரை நாலாவது ஓட்டத்தில் மறுபடி பார்ப்பீர்கள், பர்ப்பி விரிப்புக்குப் போகும் வழியில் நடந்துகொண்டிருப்பார்கள்.